"சமாளிச்சுத்தானே ஆகணும்": மலையகத் தாதி ஒருவரின் மீள்திறனை அளக்கப் போன கதை

உளவளத்துணை (கவுன்சலிங்) டிப்ளோமாவின் கடைசிப் பருவத்தில் ஆளுக்கொரு நிகழ்வு ஆய்வு எழுதச் சொன்னார்கள். நானும் பதினொரு வருடம் வார்டில் நின்றவள் என்பதால் தாதியரின் மனஅழுத்தத்தை எடுத்துக்கொண்டேன். பன்னிரண்டு பக்கம், மூன்று அட்டவணை, கடைசியில் மூச்சுப் பயிற்சி உட்பட ஐந்து பரிந்துரை. புள்ளியும் நன்றாகவே கிடைத்தது. ஆனால் நான் எழுதிய முடிவு பிழை. யாரைப் பற்றி எழுதினேனோ அவரே அதைக் கண்டுபிடித்தார். அவருடைய அனுமதியோடு முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

மிஸ்

இலங்கை மலையகத்தில், நுவரெலியா மாவட்டத்தில் ஓர் அரச வைத்தியசாலை. பெயரும் ஊரும் வேண்டாம். அவருடைய வயது, குடும்பம் பற்றிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். நோயாளிகள், டொக்டர்மார், பக்கத்து வார்டுக்காரர் எல்லோரும் கூப்பிடுவதுபோல நானும் அவரை மிஸ் என்றே எழுதுகிறேன்.

முப்பத்து நான்கு வயது. தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். அப்பா கவாத்து வெட்டியவர், அம்மா கொழுந்து எடுத்தவர். அந்த லயத்திலிருந்து அரச உத்தியோகத்துக்குப் போன முதல் ஆள். தாதியர் கல்லூரியில் மூன்று வருடம், பிறகு சிங்கள ஊர் ஒன்றில் சில வருடம், அப்புறம்தான் ஊர்ப்பக்கம் மாற்றம் கிடைத்தது. சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. வேலை செய்வது பெண்கள் மருத்துவ வார்டில். காலை 7 முதல் 1, பகல் 1 முதல் 7, இரவு 7 முதல் மறுநாள் காலை 7 என்று கடமை. ஆள் பற்றாக்குறை என்றால் காலையும் பகலும் சேர்ந்துவிடும். ஆள் பற்றாக்குறை இல்லாத வாரம் எது என்று கேட்டால் அங்கே யாரும் சொல்லமாட்டார்கள்.

அவரை என்னிடம் அனுப்பியவர் வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர். சிங்களப் பெண், ஓய்வுக்குச் சில வருடமே இருந்தது. "என்னுடைய வார்டில் இவளைப் போல ஒருத்தி இல்லை. ஆனால் இரண்டு மாதத்தில் இரண்டு தடவை மருந்து அறைக்குள் நின்று அழுததைப் பார்த்தேன். கேட்டால் கண்ணில் தூசு என்கிறாள்" என்றார். நான் கேட்டபோதும் மிஸ் தூசு என்றுதான் சொன்னார். பிறகு சிரித்தார்.

என்ன கொண்டு அளந்தேன்

மீள்திறனை, அதாவது கஷ்டத்துக்குப் பிறகு மீண்டு எழும் திறனை, அளக்க உலகத்தில் அதிகம் புழங்குவது கேத்ரின் கானரும் ஜோனதன் டேவிட்சனும் 2003 இல் வெளியிட்ட அளவுகோல். 25 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 100. அதைப் பயன்படுத்த அனுமதியும் கட்டணமும் வேண்டும். மாணவிக்கு அது கட்டுப்படியாகாது என்பதால் புரூஸ் ஸ்மித்தும் கூட்டாளிகளும் 2008 இல் வெளியிட்ட குறுகிய மீள்திறன் அளவுகோலை எடுத்தேன். ஆறே வாக்கியம். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5. மூன்று வாக்கியம் நேராகவும் மூன்று தலைகீழாகவும் இருக்கும்; தலைகீழானவற்றைத் திருப்பிப் போட்டுச் சராசரி எடுக்க வேண்டும். 3க்குக் கீழே குறைவு, 3.00 முதல் 4.30 வரை சாதாரணம், அதற்கு மேல் அதிகம்.

மனஅழுத்தத்துக்கு ஷெல்டன் கோஹனும் கூட்டாளிகளும் 1983 இல் செய்த அளவுகோலின் 10 கேள்வி வடிவம். கடந்த ஒரு மாதத்தை நினைத்துப் பதில் சொல்ல வேண்டும், மொத்தம் 40. 13 வரை குறைவு, 26 வரை நடுத்தரம், 27 முதல் அதிகம் என்று பலரும் பிரிக்கிறார்கள். ஆனால் இது நோயைக் கண்டுபிடிக்கும் கருவி கிடையாது, இந்த எல்லைக் கோடுகளும் அதை ஆக்கியவர்கள் போட்டவை கிடையாது. 26க்கும் 27க்கும் நடுவில் ஒரு மனுசி மாறிவிடப் போவதில்லை.

கஷ்டத்தை எப்படி எதிர்கொள்கிறார் என்று பார்க்க சார்ல்ஸ் கார்வரின் 1997 ஆம் ஆண்டுக் குறுக்கப் பட்டியல். 28 வாக்கியம், இரண்டிரண்டாக 14 வழி: திட்டமிடுதல், ஏற்றுக்கொள்ளுதல், இறைநம்பிக்கை, நகைச்சுவை, தன்னைத் தானே குறை சொல்லுதல், மற்றவரிடம் ஆறுதல் தேடுதல் என்று போகும். ஒவ்வொரு வழிக்கும் 2 முதல் 8 வரை புள்ளி. எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாக்குவது கார்வரின் முறையில் இல்லை, பலர் கூட்டுகிறார்கள்.

நான்காவதாக, வார்டில் எது அழுத்துகிறது என்று கேட்கும் தாதியர் அழுத்த அளவுகோல். பமிலா கிரே-டாஃப்ட், ஜேம்ஸ் ஆண்டர்சன் இருவரும் 1981 இல் செய்தது. 34 கேள்வி, ஏழு பிரிவு: நோயாளி சாவது, டொக்டரோடு முரண்பாடு, மற்றத் தாதியரோடு முரண்பாடு, ஆதரவின்மை, வேலைப்பளு, போதிய தயார்நிலை இல்லாமை, சிகிச்சை பற்றிய நிச்சயமின்மை.

நாலு கருவி ஓர் ஆளுக்கு அதிகம்தான். மாணவி புத்தி.

கேள்விகளை நானே தமிழாக்கினேன். முறைப்படி என்றால் ஒருவர் தமிழாக்க வேண்டும், இன்னொருவர் மூலத்தைப் பார்க்காமல் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும், பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நான் மிஸ்ஸின் அறையில் பிளேன்டீயோடு உட்கார்ந்து, படித்துக் காட்டி, புரியாத இடத்தில் தோட்டத்துப் பேச்சில் திரும்பச் சொன்னேன். அறிவியலுக்கு அது குறைதான். ஆனால் அப்படி உட்கார்ந்ததால்தான் கீழே வருவதெல்லாம் என் காதில் விழுந்தது. தாளைக் கொடுத்துவிட்டு வந்திருந்தால் எனக்கு எண்கள் மட்டும் கிடைத்திருக்கும்.

தாளும் வாயும்

முதல் வாக்கியத்திலேயே தடுக்கியது. கஷ்ட காலத்துக்குப் பிறகு சீக்கிரம் மீண்டு எழுந்துவிடுவேன் என்பது அதன் கருத்து. "மீளுறதுன்னா என்னாக்கா? நான் அடகு வச்ச நகையைத்தான் மீட்டிருக்கேன்" என்றார் மிஸ். சிரித்தோம். ஆனால் அவர் கேட்டது சின்னக் கேள்வி இல்லை. எங்கள் பாடப் புத்தகங்கள் சில மீள்திறன் என்கின்றன, சில தாங்குதிறன் என்கின்றன. இரண்டும் வேறு காரியம். பழைய நிலைக்குத் திரும்புவது மீளுவது. விழாமல் சுமந்துகொண்டே நிற்பது தாங்குவது. பத்து வருடமாகத் தாங்கிக்கொண்டே இருப்பவர் ஒரு தடவைகூட மீளாமல் இருக்கலாம்.

மூன்றாவது வாக்கியம் அடுத்த பள்ளம். மனஅழுத்தமான ஒன்றிலிருந்து தேற எனக்கு அதிக நேரம் எடுப்பதில்லை என்பது. ஒத்துக்கொள்கிறீர்களா இல்லையா என்று கேட்டால் தமிழில் தலை சுற்றும். "எடுப்பதில்லை என்பதை ஒத்துக்கொள்ளவில்லை" என்றால் எடுக்கும் என்றா, எடுக்காது என்றா? மிஸ் 2 போட்டார். கதையாகக் கேட்டுப் பார்த்தபோது அவர் சொல்ல நினைத்தது 4. தாளை அப்படியே எடுத்திருந்தால் சராசரி 3.67, திருத்திய பின் 4.00. இருபத்தைந்து பேருக்குத் தாளைக் கொடுத்துவிட்டு வந்திருந்தால் எத்தனை பேர் இந்தப் பள்ளத்தில் விழுந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன்.

அழுத்தத்துக்கான தாளில் வந்தது 27. அந்தப் பத்துக் கேள்வியில் இரண்டை மட்டும் இங்கே காட்டுகிறேன். செய்ய வேண்டியதையெல்லாம் சமாளிக்க முடியவில்லை என்று எத்தனை தடவை உணர்ந்தீர்கள்? மிஸ்ஸின் பதில்: ஒருபோதும் இல்லை, 0. கஷ்டங்கள் தலைக்கு மேல் குவிந்துவிட்டதாக எத்தனை தடவை உணர்ந்தீர்கள்? பதில்: மிக அடிக்கடி, 4.

பேனையை வைத்துவிட்டுக் கேட்டேன். "தலைக்கு மேல குவிஞ்சிருக்குன்னு சொல்றீங்க. ஆனா சமாளிக்க முடியாம போனதே இல்லையா?"

"சமாளிச்சுத்தானே ஆகணும் அக்கா. நான் சமாளிக்காட்டி வார்ட யாரு பார்க்குறது?"

முடிகிறதா என்று தாள் கேட்கிறது. முடிந்தாக வேண்டும் என்று அவர் சொல்கிறார். கேட்டது திறன், வந்த பதில் கடமை. எங்கள் ஊரில் சமாளிப்பது என்ற சொல்லிலேயே அந்தக் கட்டாயம் இருக்கிறது. சம்பளம் போதாத மாதத்தையும், லயத்துக் கூரை ஒழுகும் மழையையும், குடிகாரப் புருஷனையும் நாங்கள் ஒரே வினைச்சொல்லால் சமாளிக்கிறோம். மிஸ் 0 போட்டதில் பொய் எதுவும் இல்லை. அந்த 0க்கு வேறு அர்த்தம், அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருந்தது. மீள்திறன் தாளில் ஒரு வாக்கியத்துக்கு உயர்ந்த புள்ளி போட்டபோது, "2022ல பெட்ரோல் இல்லாம ஆஸ்பத்திரிக்கு நடந்து வந்தோமே, மருந்தும் இல்லாம வார்ட் ஓட்டினோமே, அதுக்கு இது ஒண்ணுமில்ல" என்றார். அந்த வருடத்துப் பொருளாதார நெருக்கடியைப் பார்த்தவர்கள் மனதில் ஓர் அளவுக்கோடு விழுந்துவிட்டது. அதற்குக் கீழே உள்ளதெல்லாம் அவர்களுக்குச் சாதாரணம். தாள் அதைக் கேட்பதில்லை.

கார்வரின் பட்டியலில் இறைநம்பிக்கை 8, ஏற்றுக்கொள்ளுதல் 8, நகைச்சுவை 6, தன்னைக் குறை சொல்லுதல் 6. மற்றவரிடம் ஆறுதல் தேடுவது 2, அதாவது ஒன்றுமே இல்லை. இறைநம்பிக்கை எனக்கு ஆச்சரியமில்லை. லயத்து முனையில் மாரியம்மன் கோயில், இரவுக் கடமை முடிந்து போகும் வழியில் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் வீடு. ஆறுதல் ஏன் 2? "அம்மாகிட்டச் சொன்னா, கவுர்மென்ட் வேலை கிடைச்சதே பெரிசு, அதுக்கும் மூக்கால அழுவுறியான்னு கேக்கும். அது சொல்றதும் சரிதானே? மழையில மலைக்கு ஏறி, கூடையை முதுகுல போட்டுக்கிட்டு நின்னது அதுதானே."

முதல் பிழை

என் அறிக்கையில் நான் எழுதியது இது: மீள்திறன் சாதாரணம், மேல் எல்லைக்குக் கிட்ட. அழுத்தம் அதிகம். ஆறுதல் தேடும் பழக்கம் குறைவு. எனவே தனிநபர் மனஅழுத்த முகாமைத்துவப் பயிற்சி, மூச்சுப் பயிற்சி, வாரம் ஒரு முறை உளவளத்துணை.

மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தேன். நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விட வேண்டும். மிஸ் மரியாதையாகச் செய்தார். மூன்றாவது வாரம் கேட்டார்: "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இதுக்கு ரெண்டு நிமிசம் கிடைச்சா நான் டீ குடிச்சிருப்பேனே?"

அன்றுதான் முதன்முதலாக என் கேள்விகளை மூடி வைத்துவிட்டு, ஒரு நாளை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை சொல்லுங்கள் என்றேன். எதைச் சொல்வார் என்று மனதுக்குள் ஊகம் வைத்திருந்தேன். போன கிழமை குளவி கொட்டி ஒன்பது பெண்கள் ஒரே வான் வண்டியில் வந்தார்களே, அந்த நாளைச் சொல்வார் என்று. மலையகத்தில் வேலை செய்தவர்களுக்கு அந்தக் காட்சி தெரியும். கொழுந்து மலையில் கூடு கலைந்து, முகம் வீங்கி, சிலருக்கு மூச்சு அடைத்து, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு அப்படியே வந்து இறங்குவார்கள். (மலைத்தேனீயாக இருந்தாலும் எங்களுக்கு அது குளவிதான்.)

"அன்னிக்கா? அன்னிக்கு நல்ல நாள் அக்கா" என்றார். "யாருக்கு மூச்சு இழுக்குதோ அவங்களுக்குத் தொடையில அட்ரினலின், ஒக்சிஜன், ஊசி, கொடுக்கு எடுக்குறது. எல்லாரும் ஓடினோம். எதைச் செய்யணும்னு தெரியும். சாயந்தரம் எட்டுப் பேர் உக்காந்து கதைச்சிக்கிட்டு இருந்தாங்க, ஒருத்தங்களுக்கு மட்டும் இன்னும் சேலைன் போச்சு. அன்னிக்கு ராத்திரி நான் நல்லாத் தூங்கினேன்."

ரிச்சர்ட் லாசரஸ், சூசன் ஃபோக்மன் இருவரும் 1984 இல் சொன்னதை நான் பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருந்தேன்: தன்னிடம் உள்ள வளத்தைவிடத் தன்னிடம் கேட்கப்படுவது அதிகம் என்று ஒருவர் மதிப்பிடும்போதுதான் மனஅழுத்தம். குளவி நாளில் கேட்கப்பட்டதும் நிறைய, கையில் இருந்ததும் நிறைய. சரி, அப்படியானால் மருந்து அறையில் நின்று அழ வைத்தது எது?

"துடிப்பு எப்ப வரும் மிஸ்?"

பகல் 12 மணி மருந்து கொடுத்துக்கொண்டிருந்தபோது பிரசவ வார்டிலிருந்து ஆள் வந்தது. "மிஸ், பொட்டக் என்ன." சிங்களத்தில் 'என்ன' என்றால் வாருங்கள். ஒரு நிமிடம் வாருங்கள் என்று அர்த்தம். தமிழ்க் காதுக்கு அது கேள்வி போலக் கேட்கும், மிஸ் அதை வைத்து ஒரு பகிடியே சொல்வார்: "அவங்க 'என்ன'ன்னுவாங்க, நான் 'என்ன'ன்னு கேட்டுக்கிட்டே போவேன்."

அங்கே இருபத்து மூன்று வயதுப் பெண், எட்டாம் மாதம், தோட்டத்திலிருந்து தனியாக வந்திருந்தார். ஸ்கேனில் குழந்தையின் இதயத் துடிப்பு இல்லை. டொக்டர் இளைஞர், தெற்கிலிருந்து வந்தவர், தமிழ் தெரியாது. அவர் மிஸ்ஸைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னார். மிஸ் அந்தப் பெண்ணைப் பார்த்துத் தமிழில் சொல்ல வேண்டும். முடிந்த அளவு மெதுவாக, "பிள்ளையோட துடிப்பு இப்ப இல்லம்மா" என்றிருக்கிறார்.

"அப்ப எப்ப வரும் மிஸ்?"

மிஸ் திரும்பி டொக்டரைப் பார்த்தார். அவருக்குக் கேள்வி புரியவில்லை; கையில் இருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி சுற்றி வளைக்க முடியாது. "வராதும்மா. பிள்ளை தவறிருச்சு."

அந்தப் பெண் மிஸ்ஸின் சீருடையைப் பிடித்த பிடியை இருபது நிமிடம் விடவில்லை. டொக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது, அன்று அவருக்கு எத்தனை கட்டிலோ. மிஸ் தன் வார்டுக்குத் திரும்பியபோது 12 மணி மருந்து பாதியில் நின்றது. ஒரு நோயாளியின் மகள், "மிஸ் எங்க போய்ட்டீங்க, இங்க ஆளே இல்ல" என்று சத்தம் போட்டார். அந்த மருந்தை எடுக்கத்தான் மருந்து அறைக்குள் போயிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து தாதியர் அழுத்த அளவுகோலின் 34 கேள்வியையும் மறுபடி படித்தேன். நோயாளி சாவதைப் பற்றி ஒரு பிரிவே இருக்கிறது. ஆனால் அந்தப் பெண் மிஸ்ஸின் நோயாளி இல்லை, அது அவருடைய வார்டும் இல்லை. இன்னொருவர் சொல்ல வேண்டிய சாவுச் செய்தியை உங்கள் வாயால் எத்தனை தடவை சொன்னீர்கள் என்று 34இல் ஒன்றுகூடக் கேட்கவில்லை. கேட்காதது அதன் குற்றமும் இல்லை. அது பிறந்த இடத்தில் நோயாளியும் தாதியும் டொக்டரும் பெரும்பாலும் ஒரே மொழி பேசியிருப்பார்கள்.

கொப்பி

அப்புறம் ஒரு கொப்பி வாங்கிக் கொடுத்தேன். எண்பது பக்கம், பிள்ளைகள் கணக்குப் போடுவது. இரண்டு வாரத்துக்கு, மொழிபெயர்க்கக் கூப்பிட்டால் நேரம், இடம், எதற்கு என்று ஒரு வரி எழுதச் சொன்னேன். பதினொரு கடமை நாளில் 38 வரி. சராசரியாக ஒரு கடமைக்கு மூன்று, நான்கு தடவை. பாதிக்கு மேல் சின்ன விஷயம்: எப்போது கிளினிக் வரவேண்டும், மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, வயித்தால போவது எத்தனை நாளாக. ஒரு வரி "மருந்து குடிச்ச பிள்ளை, 17 வயசு, ஏன் குடிச்சான்னு கேக்க" என்று இருந்தது. உயிரை மாய்க்கக் குடிப்பதைத்தான் இங்கே மருந்து குடிப்பது என்பார்கள். அதற்குப் பக்கத்தில் நேரம் எழுதவில்லை.

இந்த வேலைக்குப் பெயர் இல்லை, சம்பளம் இல்லை, கடமைப் பட்டியலில் இடம் இல்லை. தமிழ் 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தத்திலேயே அரச கரும மொழியாகிவிட்டது. 2007 ஜூலைக்குப் பின் அரச சேவைக்கு வந்தவர்கள் இரண்டாவது மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டும் என்று சுற்றறிக்கையும் இருக்கிறது. நடைமுறையில், தமிழ் தெரிந்த தாதி இரண்டு மூன்று பேர் இருக்கும் இடத்தில் அந்த இரண்டு மூன்று பேர்தான் அந்தச் சுற்றறிக்கை.

சிங்களத் தாதியருக்கும் இது சுகமாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மாத்தறையிலிருந்து வந்த ஒரு பிள்ளை என்னிடம், "அவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொல்கிறார்கள். நான் தலையை ஆட்டுகிறேன். எதற்குத் தலையாட்டினேன் என்றே எனக்குத் தெரியாது" என்றாள். அதையும் எந்தத் தாளும் அளக்கவில்லை.

எண்ணைப் பற்றிய ஒரு சந்தேகம்

மீள்திறன் என்ற எண்ணத்தைப் பரவலாக்கிய ஆய்வுகளில் எமி வெர்னரின் ஹவாய் ஆய்வு முக்கியமானது. கவாய் தீவில் 1955 இல் பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டு பின்தொடர்ந்தார்கள். வறுமையிலும் குடும்பக் குழப்பத்திலும் வளர்ந்த பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாக ஆளானார்கள். ஏன் என்று பார்த்தபோது பிள்ளையின் இயல்பு மட்டுமல்ல, பக்கத்தில் உறுதியாக நின்ற ஒரு பெரியவரும், ஊரும், பள்ளிக்கூடமும் காரணங்களாக வந்தன. நாங்கள் கையில் வைத்திருக்கும் ஆறு வாக்கியத்திலோ எல்லாம் "நான்" தான். ஊர் விடுபட்டுவிட்டது.

இதை மிஸ்ஸிடம் சொன்னபோது அவர் அப்பாவின் தொழிலைச் சொன்னார். கவாத்து வெட்டுவதற்கு முன் பெரிய தோட்டங்களில் தேயிலை வேரை வெட்டி அயோடின் தடவிப் பார்ப்பார்களாம். கறுநீலமாக மாறினால் வேரில் மாச்சத்து இருக்கிறது, வெட்டலாம். நிறம் வரவில்லை என்றால் அந்த மலைக்கு ஓய்வு கொடுத்துப் பிறகுதான் வெட்டு. சத்தில்லாத வேரை வெட்டினால் துளிர்க்காமல் செத்துப்போகும். "செடிக்கே வேரைப் பார்த்துட்டுத்தான் கத்தி வைப்பாங்க" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவப் போய்விட்டார்.

என்ன செய்தோம்

பெரிதாக ஒன்றுமில்லை. கொப்பியைச் சிஸ்டரிடம் காட்டினோம். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டியவர், 38 என்ற எண்ணைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார். தன் வார்டுத் தாதி ஒரு கடமையில் மூன்று தடவை வெளியே போனது அவருக்கே முழுதாகத் தெரியாது. "நான் அவளை எங்கே போனாய் என்று ஏசியிருக்கிறேன்" என்று மட்டும் சொன்னார்.

அவர் மூன்று காரியம் செய்தார். ஆள் அனுப்பி நேரே கூப்பிடக்கூடாது, தன்னிடம் கேட்டு, கொப்பியில் எழுதிவிட்டுத்தான் கூப்பிட வேண்டும் என்றார். அதிலேயே பாதி அழைப்பு நின்றுபோனது. எழுத வேண்டும் என்றால் ஆட்கள் யோசிக்கிறார்கள். இரண்டாவது, சின்ன விஷயங்களுக்கு ஒரு தாள். முப்பது வசனம், சிங்கள எழுத்தில் தமிழ் உச்சரிப்பு. நானும் மிஸ்ஸும் எழுதினோம். இதில் ஒரு சண்டையே வந்தது. "வயிற்றோட்டம்" என்று நான் எழுத, "எந்தத் தோட்டத்துல அக்கா அப்படிச் சொல்றாங்க?" என்று மிஸ் வெட்டிவிட்டு "வயித்தால போகுதா?" என்று எழுதினார். நெஞ்சு அடைக்குதா, மேலுக்கு முடியலையா, கிறுகிறுன்னு வருதா என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

மூன்றாவதுதான் கடினம். கெட்ட செய்தி என்றால் டொக்டர் உட்கார்ந்து சொல்ல வேண்டும், மிஸ் மொழிபெயர்க்கலாம், ஆனால் முடியும்வரை டொக்டர் எழுந்து போகக்கூடாது. மிஸ் திரும்பி வந்தபின் பத்து நிமிடம் வேறு ஒருவர் அவர் கட்டில்களைப் பார்க்க வேண்டும். இது எழுத்தில் எங்கும் இல்லை. சிஸ்டர் டொக்டர்மாரிடம் ஒவ்வொருவராகப் பேசி வாங்கிய வாக்கு. சிலர் கேட்டார்கள். ஒருவர் கேட்கவில்லை.

மீண்டும் அளந்தபோது

எட்டு வாரம் கழித்து மறுபடி தாளோடு உட்கார்ந்தோம். அழுத்தம் 27இலிருந்து 21. இதை எதிர்பார்த்தேன். எதிர்பாராதது, மீள்திறன் 4.00இலிருந்து 3.50க்கு இறங்கியது.

அறிக்கைக்குள் இப்படி ஓர் எண் வந்தால் மாணவிக்குக் கை நடுங்கும். சரியாகக் கூட்டினேனா என்று மூன்று தடவை பார்த்தேன். பிறகு பதில்களை வரிவரியாக ஒப்பிட்டேன். அழுத்தத் தாளில் "சமாளிக்க முடியவில்லை" என்ற கேள்விக்கு முன்பு 0, இப்போது 2. மீள்திறன் தாளில், கெட்டது நடந்தால் எழுந்து வருவது எனக்குக் கஷ்டம் என்பதற்கு முன்பு இல்லை என்றவர் இப்போது நடுவில் போட்டார். "அப்ப அப்படிச் சொல்லக்கூடாதுன்னு நினைச்சேன் அக்கா" என்றார். யார் சொல்லக்கூடாது என்றார்கள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

என் வாசிப்பு இது: முதல் 4.00 அவருடைய மீள்திறனும் அவருடைய கடமையுணர்வும் சேர்ந்த எண். இரண்டாவது எண்ணில் கடமையுணர்வு கொஞ்சம் விலகி நின்றது. ஆறுதல் தேடுவது 2இலிருந்து 4 ஆனதும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டியது. எந்த நிர்வாகமாவது இந்த இரண்டு மீள்திறன் எண்ணை மட்டும் வாங்கிப் பார்த்தால், எட்டு வாரத்தில் இந்தத் தாதியின் நிலை மோசமாகிவிட்டது, பயிற்சிக்கு அனுப்புங்கள் என்று எழுதும்.

வேறு விளக்கமும் இருக்கலாம். ஓர் ஆள், இரண்டு அளவை. அழுத்தத்தின் ஆறு புள்ளி தானாகவே இறங்கியிருக்கலாம், மிக உயரத்தில் அளந்த எதுவும் அடுத்த தடவை கொஞ்சம் கீழே வருவது வழக்கம். இடையில் அவருடைய அம்மா தோட்டத்திலிருந்து வந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டார், அது பெரிய உதவி. முதல் அளவை ஜூலை மழையில், பஸ் ஓடாத வாரத்தில் எடுத்தது. முக்கியமாக, என்னை அவருக்குப் பழகிவிட்டது. பழகியவளிடம் வேறு பதில் சொல்வார்கள். வாசித்துக் காட்டி அளக்கும் முறைக்கு அதுவும் ஒரு விலை.

இனி வேறொருவரை அளக்கப் போனால் தாளை முதலில் எடுக்கமாட்டேன். கொப்பியை முதலில் கொடுப்பேன். இரண்டு வாரம் அவர்கள் எழுதுவதைப் பார்த்துவிட்டு எந்தத் தாள் பொருந்தும் என்று யோசிப்பேன். "சமாளிக்க முடிகிறதா" என்ற கேள்வியை இரண்டாக உடைப்பேன்: உங்களால் முடிந்ததா? முடியாமல் போனால் யாரிடம் சொல்ல முடிந்தது?

ஜனவரியில் வருடாந்த இடமாற்றத்தில் அந்தச் சிஸ்டர் போய்விட்டார். புதிய சிஸ்டர் வந்த முதல் வாரம் மேசையில் கிடந்த கொப்பியை எடுத்து, இது என்ன கணக்கு என்று கேட்டிருக்கிறார். மிஸ் சிங்களத்தில் விளக்கினார். அவர் நாலைந்து பக்கம் புரட்டிவிட்டு, மாதக் கடைசி வரை எழுதுங்கள், பிறகு பார்ப்போம் என்றாராம். மூன்றாவது அளவைக்கு நாள் கேட்டபோது மிஸ் சொன்னார்: "இப்ப எடுக்காதீங்க அக்கா. மாதக் கடைசி வரட்டும்."